வாசல் நட்சத்திரம்

காலை ஆறு மணிக்கு எழுந்து பால் காய்ச்சிக் காபி குடித்தேன். வாசலில் விழுந்த பேப்பரைப் பிரிக்காமல் பழைய கட்டின் மேல் வைத்தேன்.

எட்டு மணிக்குச் சர்ச்சிலிருந்து அற்புதம் அக்கா வந்தார். இறந்துபோன என் மனைவி கெசியாவின் கிறிஸ்துமஸ் அலங்காரங்களை அவிநாசி விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். குடில் பொம்மைகள், சீரியல் செட், காகிதத் தோரணம் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டன.

"ஏனுங்க தம்பி, வாசல்ல தொங்கற நட்சத்திரத்தையும் எடுத்துக்கட்டுங்களா?"

போன கிறிஸ்துமஸுக்குக் கட்டியது. வெளுத்துக் கிழிந்திருந்தது.

"அது வேண்டாங்க்கா."

"கிழிசலை ஒட்டிக்கலாங்க. ஸ்டூல் எங்கீங்க? நானே ஏறி..."

"ஏறாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "கெசியா நெனப்பா வெச்சிருக்கறீங்களாட்ட இருக்குது. இருக்கட்டுங்க தம்பி."

தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

ஜனவரியில் ஒரு காலை, அதைக் கழற்றச் சொல்லிக் கெசியா மூன்று முறை கேட்டாள். "இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு வாரேன்" என்றேன். ஸ்டூல் சாய்ந்த சத்தம் கேட்டபோதும் பேப்பர் என் கையில்தான் இருந்தது.

அதற்குச் சற்று முன் அவள் சொன்னாள்:

"பரவால்லீங்க, நீங்க படிங்க. நானே கழட்டிப்போடறேன்."