அன்றைக்குப் பேப்பர் வரவில்லை

“பேப்பர் கட்டைப் பிரிக்காதீங்கன்னு சொன்னேனே! கேட்டீங்களா?” சந்திரம்மா புருஷனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிரித்தாகிவிட்டது. படித்தும் ஆகிவிட்டது.

முதல் பக்கத்திலேயே கிராமங்களின் லிஸ்டு. மெட்ராசோடு சேரப்போகிற ஊர்கள் ஒரு பக்கம், ஆந்திராவிலேயே இருக்கப்போகிற ஊர்கள் இன்னொரு பக்கம். திருத்தணி மெட்ராசுக்குப் போகிறது. பாலசமுத்திரத்தை ஒட்டிய இந்தச் சின்ன ஊர் ஆந்திராவிலேயே நிற்கிறது.

மளிகைக் கடை ஆதிநாராயணன் லிஸ்டை மறுபடியும் மேலிருந்து கீழே படித்தார். ஊருக்குப் பேப்பர் ஏஜெண்டும் அவர்தான். இன்றைக்கு ஒன்பது மணிக்கு அவர் மகள் தாட்சாயணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் திருத்தணி.

மாப்பிள்ளையின் அப்பா நாகபூஷணம், எல்லைப் போராட்டக் கூட்டம் எங்கே நடந்தாலும் மைக்கைப் பிடிக்கிற ஆள். நிச்சயதார்த்தத்தன்று தன் பங்காளிகள் நடுவில் எழுந்து நின்று, கூட்டத்தில் பேசுகிற மாதிரியே பேசிவிட்டார்.

“உங்க ஊரு எங்களோட மெட்ராசுக்கு வந்தா சம்பந்தம். ஆந்திராவுல நின்னுட்டா இந்தத் தாம்பூலத்தோட சரி. வேற ராஜ்யத்துல பொண்ணு எடுக்கிறவன் இல்ல நான்!”

பங்காளிகள் கைதட்டினார்கள். தட்டமாட்டார்களா பின்னே? கல்யாணச் செலவு அவர்களுடையதா என்ன?

ஆதிநாராயணன் எட்டுப் பேப்பரையும் சுருட்டி மிளகாய் மூட்டைக்குள் திணித்தார். பதினாறு வருஷத்தில் புயலடித்த நாளில்கூட ஒரு வீட்டுக்கும் பேப்பர் போடாமல் விட்டதில்லை அந்த மனுஷன்.

“அய்யோ, பாவம் இல்லியா இது?” என்றாள் சந்திரம்மா.

“மணவறை வரைக்கும் வந்த பொண்ணு திரும்பிப் போனா அதைவிடப் பாவம். வாயை மூடிக்கினு போய் வேலையைப் பாரு.”

அதற்குள் டீக்கடை எத்திராஜ் வந்து நின்றான்.

“அண்ணே, பேப்பர் எங்க? இன்னிக்கு லிஸ்டு வருதாம். கடையில முப்பது பேரு காத்துக்கினு இருக்கிறாங்க.”

“வரலப்பா.”

“இன்னா வரல? கண்டக்டரு தெலுங்குல ‘பேப்பர்லு’ன்னு கூவிக்கினே கட்டைத் தூக்கிப் போட்டானே, கேட்டுச்சே!”

“அது... வேற கட்டு. வாழை இலை.”

வாழை இலையை அவர் வீட்டுக் கொல்லையிலேயே அறுத்துக்கொண்டிருந்தார்கள். எத்திராஜ் அதையும் பார்த்தான், அவர் முகத்தையும் பார்த்தான். கடைப் பக்கம் திரும்பி நடந்தான். ஆதிநாராயணனுக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது. இவன் பந்தலில் வந்து போட்டு உடைத்தால் என்ன செய்வது?

எட்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வாடகை பஸ் வந்தது. நாகபூஷணம் இறங்கினார். முகத்தில் சிரிப்பில்லை. சந்தனத்தைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, பந்தல் நடுவில் நின்று சத்தமாகக் கேட்டார்:

“சம்பந்தி! இன்னிக்குப் பேப்பர் வந்திடுச்சா?”

பங்காளிகள் கழுத்தை நீட்டினார்கள்.

“அது... வந்து...” ஆதிநாராயணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். வேர்வை ஆறாக ஓடியது.

“வந்திடுச்சா இல்லியா? ஒரே வார்த்தை!”

“வ... வரலீங்க.”

“நிஜமாத்தான் சொல்றீங்களா?”

வாசலில் நின்ற எத்திராஜ் தொண்டையைக் கனைத்தான். ஆதிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார். தொலைந்தது.

“என் கடைக்கும் வரலீங்க” என்றான் எத்திராஜ். “பஸ்காரனைக் கேட்டா, மெட்ராஸ்லருந்தே கட்டு வரலைன்றான்.”

நாகபூஷணம் பங்காளிகள் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கினீங்க இல்ல? பேப்பரே வரலியாம். வராததுக்காக முகூர்த்தத்தைத் தள்ள முடியுமா? ம், ஆகட்டும் அய்யரே, சீக்கிரம்!”

தாலி ஏறியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். பெற்றவர் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாட்சாயணி காலில் விழுந்து எழுந்து, “ஏன் நைனா உடம்பெல்லாம் நடுங்குது?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் அவரை உடைத்துவிட்டது.

பந்தி நடக்கும்போது சம்பந்தியைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார். கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தி, உங்களை ஏமாத்திட்டேன். பேப்பர் காலையிலியே வந்திடுச்சு. எங்க ஊரு ஆந்திராவுலதான் நிக்குது. நான்தான் ஒளிச்சு வெச்சேன். என்னை எந்தத் தண்டனை வேணா பண்ணுங்க, எம் பொண்ணை மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க.” அழுகை வந்துவிட்டது அவருக்கு.

நாகபூஷணம் சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தார்.

“மெதுவாப் பேசுங்க! விடியக்காலம் அஞ்சு மணிக்குப் பூ வாங்க எங்க ஊரு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கேயே படிச்சிட்டேன்.”

“படிச்சிட்டீங்களா? அப்புறம் எதுக்கு அத்தனை பேரு நடுவுல என்னை அப்படிக் கேட்டீங்க?”

“அத்தனை பேரு நடுவுல வீம்பு பேசினது நானாச்சே! வரலைன்னு உங்க வாயால சொன்னாத்தான் பங்காளிங்க அடங்குவாங்க.” தோள் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். “பொய்யே பேசாத மனுஷன்னு ஊரே உங்களைச் சொல்லுது. எங்க உண்மையைச் சொல்லித் தொலைச்சிடப் போறீங்களோன்னு எனக்குத்தான்யா கையும் காலும் உதறிச்சு!”