நாற்பதாவது படிவம்

“நாற்பது பேர்ல முப்பத்தொன்பது பேர் அனுப்பியாச்சு. உனக்கு மட்டும் என்னடி, கொம்பா முளைச்சிருக்கு?”

கத்திக் கத்திக் கம்ப்யூட்டர் டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. எதிரே எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் அறையில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர்.

திரையில், வெளி நிறுவனம் ஒன்று பள்ளிகளுக்கு நடத்தும் ‘டிஜிட்டல் நல்லொழுக்கத் தேர்வு’ படிவம். பத்துக் கேள்விக்கும் பதில் குறித்துவிட்டாள் மகராசி. மேலே உள்ள கட்டங்கள்தான் காலி. வீட்டு முகவரி, அப்பாவின் போன் நம்பர், அதற்குக் கீழே ‘இப்போது நீங்கள் பயன்படுத்தும் பாஸ்வேர்டு’. அவற்றை நிரப்பாமல் படிவம் நகராது.

“முன்பின் தெரியாதவங்க கேட்டா பாஸ்வேர்டு குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே மிஸ் நடத்தினீங்க?”

“அது பாடம்டி! இது பரீட்சை!”

“மிரட்டினாலும் குடுக்காதே, கெஞ்சினாலும் குடுக்காதேன்னு போர்டுலகூட எழுதிப் போட்டீங்க.”

“எழுதினவளே நான்தான். எனக்கே திருப்பிச் சொல்றியா?”

டீச்சரைச் சொல்லியும் குற்றமில்லை. மூன்று வருஷமாக ஒப்பந்தச் சம்பளத்தில் மாரடிக்கிறாள். நாற்பது பேரும் இந்தத் தேர்வை எழுதி அனுப்பி, பள்ளிக்குச் சான்றிதழ் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் அடுத்த மாதம் வேறு ஆள் என்று பிரின்சிபால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஐந்து மணியோடு படிவம் மூடிக்கொள்ளும். இப்போதே நாலே முக்கால்.

வாசலில் பிரின்சிபாலின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

“என்ன டீச்சர், ஒரு பொடுசைச் சமாளிக்க முடியலையா? இணையப் பாதுகாப்புல நாமதான் முன்னோடின்னு ஸ்கூல் கேட்டுல பேனரே கட்டியாச்சு. மானத்தை வாங்கிடாதீங்க.”

தலை மறைந்தது. டீச்சர் பொத்தென்று நாற்காலியில் சாய்ந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சத்தியமாக நடிப்பில்லை.

“இந்த வேலையும் போச்சுன்னா எங்க வீட்டுல அடுப்பெரியாதும்மா. நீ மட்டும் மனசு வச்சா போதும். உனக்குப் புண்ணியமாப் போகும்.”

வக்கீலம்மா எந்த வாதத்துக்கும் மசிய மாட்டாள். ஆனால் அழுகைக்கு எதிராக அவளிடம் பாயிண்ட் இல்லை.

“ஐயோ, அழாதீங்க மிஸ்” என்றவள், அரை மனதோடு கட்டங்களை நிரப்பி அனுப்பினாள். டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம், தேர்வு நடத்தியவர்களிடமிருந்து கடிதம் வந்தது. டீச்சரை உட்காரவைத்து, பிரின்சிபால் பெருமையாக உரக்கப் படிக்க ஆரம்பித்தார். இரண்டு வரி தாண்டியதும் அவர் குரல் இறங்கியது.

“‘...அந்தப் பத்துக் கேள்விகளும் ஒப்புக்கு வைத்தவை, அவற்றை நாங்கள் திருத்துவதில்லை. பாஸ்வேர்டைக் கொடுக்க மாணவர்கள் மறுக்கிறார்களா என்பதுதான் தேர்வு. ஒரே ஒருவர் மறுத்திருந்தாலும், ஆசிரியர் நடத்திய பாடம் பலித்தது என்று சான்றிதழ் தந்துவிடுவோம். உங்கள் பள்ளியில் நாலு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் வரை அப்படி ஒருவர் இருந்திருக்கிறார்.’”