சுலபமா இருந்தா வேண்டாம்

"இது ரொம்பச் சுலபம் சார். ரெண்டே நாள்ல யாரும் கணக்கு எழுதக் கத்துக்கலாம்" என்றார் சாஃப்ட்வேர் விற்பவர்.

"அப்ப வேண்டாம்" என்றார் அடுத்த மாதம் பைப் கடை திறக்கப் போகிறவர். "கஷ்டமானதா காட்டுங்க."

அடுத்ததில் ஒரு பில் போடவே ஏழு இடத்தில் தட்ட வேண்டியிருந்தது. கடைக்காரருக்குத் தலை சுற்றியது. முகம் மலர்ந்தது.

"இதையே குடுங்க."

"எதுக்கு சார் இந்த வம்பு?"

"மச்சினன் மூணு வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறான். கடைக் கணக்கை நான்தான் பார்ப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். நான் வேண்டாம்னு சொன்னா வீட்டுக்காரி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. இதைப் பார்த்தா அவனே ஓடிடுவான்."

பணத்தைக் கட்டி ரசீதையும் வாங்கிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு சார், கத்துக்கவே முடியாதுன்னு இல்லை" என்றார் விற்பவர். "போன மாசம்தான் ஒரு தம்பி இங்கேயே பத்து நாள் உட்கார்ந்து இதைக் கரைச்சுக் குடிச்சிட்டுப் போனார்."

"அவருக்கு எதுக்காம்?"

"அவங்க அக்கா வீட்டுக்காரர் பைப் கடை வைக்கிறாராம். அவரை இதையே வாங்க வைக்கப் போறாராம். அவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது, அப்புறம் என்னை வேலையை விட்டு எப்படித் தூக்குவார்னு கேட்டார்."