விளக்கு வைத்தபின் வந்த கேள்வி

“உயிரோட விடக்கூடாதுன்னு சொல்லு தீப்தி. நல்லா சத்தமா சொல்லு” என்றார் அப்பா.

லேப்டாப் திரையில் டெக்சாஸ் அரசு வக்கீலம்மா காத்திருந்தார். அவருக்கு அப்போதுதான் காலை. இங்கே பழங்காநத்தத்தில் விளக்கு வைத்தாகிவிட்டது.

அங்கே என் அண்ணன் ஜெயந்த் வேலை பார்த்த கடைக்குள் புகுந்து அவனைச் சுட்டுக் கொன்றவனுக்கு மரண தண்டனை கேட்கலாமா, ஆயுள் முழுக்க ஜெயில் போதுமா என்பதுதான் கேள்வி. முடிவு அரசு வக்கீல்களுடையதாம். ஆனாலும் பெற்றவர்கள் மனசு தெரிய வேண்டுமாம்.

இங்கிலீஷில் பேசுவது என் பொறுப்பு. எனக்கும் அந்தப் படுபாவி செத்தொழியட்டும் என்றுதான் இருந்தது. வாயைத் திறந்தேன்.

“விளக்கு எரியுதுடி” என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் அப்படித்தான். விளக்கு எரியும்போது சாவுப் பேச்சு எதையும் எடுக்கக் கூடாது. அண்ணன் போன செய்தி வந்த அன்றுகூட, போனை வைத்த அப்பா முதலில் விளக்கைக் குளிர வைத்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னார்.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. “அப்ப குளிர வை விஜயம். இன்னைக்கு ஒரு நாள் சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.”

அம்மா அசையவில்லை. அப்பாவே எழுந்தார். அதற்குள் அம்மா போய் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள்.

எனக்குக் கெட்ட கோபம் வந்தது. பெத்த பிள்ளையைச் சுட்டவன் மேல் இவளுக்கு என்ன இரக்கம்? இம்புட்டு நாள் அழுததெல்லாம் என்ன அழுகை? கேட்டே விட்டேன்.

“அவனைக் காப்பாத்துறியாம்மா? அவன் உனக்கு யாரு?”

வக்கீலம்மா திரையிலிருந்து ஏதோ கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.

அம்மா திரும்பவேயில்லை. சுவரைப் பார்த்தே பேசினாள்.

“அந்தக் கடை கேமராவுல பதிஞ்ச படத்தை நான் பார்த்தேன்டி. உனக்குத் தெரியாம உன் போன்லயே பார்த்தேன். அதுல சத்தமே இல்ல. புள்ள கீழ விழுந்ததும் அந்தப் பாவி குனிஞ்சு பாக்குறான். புள்ள வாய் அசையுது. என்னமோ சொல்றான். அது என்னன்னு அந்த ஒருத்தனுக்குத்தான் தெரியும். பாஷை புரியாட்டியும் சத்தமாவது ஞாபகம் இருக்கும்ல? அவனையும் கொன்னுட்டா நான் யார்கிட்டடி போய்க் கேப்பேன்?”