கையெழுத்தில்லாத அட்டை

கட்டைவிரல் ஒடிந்தபோதும் கிழவர் அட்டைகளைத்தான் பார்த்தார். உதட்டிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"கறை பட்டுடப் போவுது தம்பி. அதையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளி வை."

"விரல் போனாலும் பரவால்ல, அட்டை மூலை மடங்கக் கூடாது. அப்படித்தான?" என்றான் நார்ம் கொவாலிக்.

மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்திருந்த கிழவரின் வலது கையை விட்டான். கட்டைவிரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. மற்ற நான்கும் ஏற்கெனவே கோணல்தான். எப்போதோ ஒடிந்து தாறுமாறாகக் கூடியவை.

சாப்பாட்டு மேசை முழுக்க, ஆட்டக்காரர்களின் படம் போட்ட பேஸ்பால் அட்டைகள். ஐம்பத்தெட்டாம் வருடத்து சான்டஸ்கி பைலட்ஸ் அணி, இருபத்து நான்கு பேர். அந்தக் காலத்தில் சாசேஜ் இறைச்சிப் பொட்டலத்துக்குள் இனாமாக வந்தவை. சிலவற்றில் கொழுப்புக் கறை இன்னும் இருந்தது.

முழு அணியும் ஒரே ஆளிடம் இருப்பது ஓஹாயோவிலேயே இந்த வீட்டில்தான் என்று அட்டைச் சந்தையில் சொன்னார்கள். பெர்ரி தெருவில் போய் ஸ்பட் என்று கேட்டால் போதுமாம். வேறு பேர் யாருக்கும் தெரியவில்லை.

"நோட்டு எங்க பெருசு?"

அட்டை சேர்ப்பவர்களிடம் அப்படி ஒரு நோட்டு இருக்கும். பழைய ஆட்டக்காரர்களின் வீட்டு விலாசங்கள். தபால்தலை ஒட்டிய மறு உறையோடு அட்டையை அனுப்பினால், கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஸ்பட்டின் மேசையில் இருபத்து மூன்று அட்டைகளில் கையெழுத்து இருந்தது. கம்பி முகமூடியோடு குந்தியிருந்த ஒருவனின் அட்டையில் மட்டும் இல்லை.

"யார் விலாசம் வேணும்?"

"எர்ல் டகெட்."

கிழவர் வாயை மூடிக்கொண்டார். நார்ம் ஒரு அட்டையை எடுத்து அவர் கண் முன்னால் இரண்டாகக் கிழித்தான். பிறகு இன்னொன்று. அவர் கண்ணை இறுக மூடினார்.

புறங்கையால் அறைந்தான். நாற்காலியோடு சரிந்தவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தான். கோட்டுப் பையிலிருந்த துப்பாக்கியை எடுத்து அட்டைகளின் மேல் வைத்தான்.

பைலட்ஸ் அணிக்காக டகெட் எறிந்த பந்து, எதிரணியில் மட்டை பிடித்த அண்ணன் லியோனின் பொட்டில் பட்டபோது நார்முக்கு ஒன்பது வயது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். மட்டையோடு விழுந்த லியோன் அதன்பிறகு முப்பத்தொரு வருடம் படுக்கையில் கிடந்தான். போன செவ்வாய்க்கிழமை செத்தான்.

"அம்மா சாகற வரைக்கும் ஸ்பூன்ல ஊட்டுனா. அப்புறம் நான் ஊட்டுனேன். ஒரு தடவை வந்து பாக்கணும்னு அந்த நாய்க்குத் தோணல."

"அவனுக்கு அப்ப பத்தொன்பது வயசு," என்றார் ஸ்பட். "அன்னைக்கு அப்புறம் அவன் பந்தையே தொடல. இப்ப பேரப்பிள்ளைங்க இருக்கு. விட்டுடு."

"லியோனுக்கு யாரு இருக்கா?"

நார்ம் அலமாரி இழுப்பறைகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் கொட்டினான். முள்கரண்டிகள் சிதறின. கடைசியில் ரொட்டிப் பெட்டிக்குள் நோட்டு கிடைத்தது. டகெட்டின் விலாசம் அக்ரன் நகரத்தில், காரில் இரண்டு மணி நேரம். துப்பாக்கியை எடுத்துக்கொண்டான்.

கிழவர் வாசலை மறித்து நின்றார். நார்ம் அவர் முழங்காலில் உதைத்தான். கீழே விழுந்தவர் இடது கையால் அவன் காலைக் கட்டிக்கொண்டார்.

"டகெட் தானா எறியலடா."

நார்ம் மறுபடி உதைக்கக் காலை ஓங்கினான்.

"எதை எறியணும்னு பந்து எறியற பிட்சர் முடிவு பண்றதில்ல. எதிர்ல பந்து புடிக்கக் குந்தியிருக்கானே கேட்சர், அவன்தான் தொடைக்கு நடுவுல விரல் காட்டுவான். ஒரு விரல் காட்டுனா வேகமா எறி. கட்டைவிரலைச் சுண்டுனா தலையைப் பாத்து எறி. பதினோரு வருஷம் ஆடுனவன் சொன்னா, நேத்து வந்த பையன் மாட்டேன்னா சொல்வான்?"

ஓங்கிய கால் இறங்கியது. அன்று நார்ம் பார்த்ததெல்லாம் டகெட்டின் முகத்தைத்தான். இத்தனை வருடமும் அந்த முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். பந்து பிடிக்க ஒருவன் குந்தியிருந்தான் என்பது கூட ஞாபகத்தில் இல்லை.

"யாரு அவன்?"

ஸ்பட் மேசைக்காலைப் பிடித்து மெல்ல எழுந்தார். கையெழுத்தில்லாத அந்த அட்டையை ஒரு விரலால் அவன் பக்கம் நகர்த்தினார். முகமூடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. கீழே ஹார்லன் மீஸ் என்று அச்சாகியிருந்தது.

நார்ம் நோட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினான். மீஸ் என்ற பேரே அதில் இல்லை. துப்பாக்கி முனையைக் கிழவரின் நெற்றியில் வைத்து அழுத்தினான்.

"இவன் எங்க இருக்கான்?"

கிழவர் வலது கையை அவன் முகத்துக்கு நேரே தூக்கினார். கட்டைவிரல் வீங்கிக் கறுத்துப் போயிருந்தது.

"நீ ஒடிச்சது அவன் விரலைத்தான், தம்பி."