எப்சிபாவின் சாட்சி

இந்தப் பாட்டு முடிந்ததும் சாட்சி வேளை.

அவள் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆண்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை இருமியது. எந்தப் பிள்ளை என்று அவள் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. மகன் ஜெர்வின் இருமினால் இப்போதெல்லாம் அவள் கை தானாக அவன் நெற்றியைத் தேடுகிறது. காய்ச்சல் சுத்தமாகப் போய்விட்டது, இது வெறும் சளிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டாக்டர் சொன்னால் ஆயிற்றா?

சாட்சி சொல்வது இந்தச் சபையில் ஒரு பெரிய காரியமே இல்லை. கேஸ் சிலிண்டர் சீக்கிரம் வந்ததற்கும், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததற்கும் எழுந்து நின்று ‘தேவனுக்கே மகிமை’ என்று ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவளும் சும்மா இருந்தவளில்லை. நின்றுபோன மிக்ஸி தானாக ஓடியதற்குச் சாட்சி சொன்னவள்தான்.

மகிமை என்றால் என்ன என்று அப்போதெல்லாம் அவள் யோசித்ததே கிடையாது.

இப்போது அந்த வார்த்தையை நினைத்தாலே நாக்கு வறண்டது.

ஆஸ்பத்திரியில் வைத்துப் பொருத்தனை செய்திருந்தாள். பிள்ளை பிழைத்தால் சபை நடுவில் நின்று உம்மை மகிமைப்படுத்துவேன் என்று. பிள்ளை பிழைத்துவிட்டான். ஒரு ஞாயிறு தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு சாட்சி வேளையில் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றாள். இனியும் ஏமாற்றினால் கொடுத்தவர் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

சொல்லாமலிருக்கப் பயம். சொல்லவும் பயம்.

பக்கத்தில் எப்சிபா உட்கார்ந்திருந்தாள்.

எப்சிபாவின் மகள் ஷெரினும் அதே வார்டில்தான் கிடந்தாள். அதே காய்ச்சல். அடுத்த கட்டில்.

ஷெரின் வீடு திரும்பவில்லை.

பார்க்க வந்த பாஸ்டர் இரண்டு தாய்மாரையும் வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். தன் பிள்ளைக்காக யார்தான் கேட்கமாட்டார்கள் என்றார். நீ அவள் பிள்ளைக்காகக் கேள், அவள் உன் பிள்ளைக்காகக் கேட்கட்டும், தேவ மகிமை என்னவென்று அப்போது காண்பீர்கள் என்றார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அங்கேயே முழங்கால் போட்டார்கள்.

எப்சிபா வாய்விட்டு ஜெபித்தாள். ஜெர்வின், ஜெர்வின் என்று தொண்டை கட்டும்வரை கேட்டாள். நர்ஸ் வந்து சத்தம் போட்ட பிறகும் உதடு ஓயவில்லை.

ஜெர்வினின் தாய் மனதுக்குள் ஜெபித்தாள்.

ஷெரின் பேரைச் சொல்லத்தான் தொடங்கினாள். சொன்னால், தன் பிள்ளைக்கு வரவேண்டியது அந்தக் கட்டிலுக்குப் போய்விடும் என்று தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு ஒரே பேர்தான்.

ஜெர்வினுக்காக இரண்டு தாய்மார் கேட்டார்கள். ஷெரினுக்காக யாரும் கேட்கவில்லை.

இதைத்தான் அவள் இன்றைக்கு எழுந்து நின்று மகிமை என்று சொல்ல வேண்டும்.

பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்துவிட்டது. டிரம்ஸ் சத்தம் கூடியது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. குனிந்து எப்சிபாவின் காதோடு சொல்லிவிட்டாள்.

“நான் ஷெரினுக்காவக் கேக்கல, எப்சிபா. எம்பிள்ளைக்கு மட்டுந்தான் கேட்டேன்.”

எப்சிபா திரும்பவில்லை. தோள் மட்டும் ஒரு தரம் அசைந்தது.

அறைந்துவிடுவாள் என்று நினைத்தாள். அறைந்தால் தேவலை என்றும் இருந்தது.

பாட்டு ஓய்ந்தது. சாட்சி உள்ளவர்கள் எழும்பலாம் என்றார் பாஸ்டர். சொல்லிவிட்டு அவள் பக்கமே பார்த்தார்.

எப்சிபா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மேடையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

“நானும் எம்பிள்ளைக்குத்தான்க்கா கேட்டேன். எந்திச்சு சொல்லுங்க.”

பொய்.

ஆலயத்துக்குள் உட்கார்ந்து, முக்காடும் போட்டுக்கொண்டு, எப்சிபா பொய் சொன்னாள். அவளுக்காகச் சொன்னாள்.

அவள் எழுந்தாள். யாரோ மைக்கைக் கையில் திணித்தார்கள்.

‘தேவனுக்கே மகிமை’ என்றாள். சபை ஆமென் சொல்லிவிட்டுக் காத்திருந்தது. அந்த வார்த்தை வாயை விட்டுப் போன பிறகு, இத்தனை நாளும் இதையா இவ்வளவு சுலபமாகச் சொன்னோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. முகங்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன.

எப்சிபாதான் எம்பிள்ளைக்காகக் கேட்டாள் என்றாள். குரல் உடைந்தது. இன்னும் பாதி பாக்கி இருந்தது. அதையும் சொல்லிவிடுவது என்று மூச்சை இழுத்தாள்.

“நான்...”

சாட்சி சொல்கிறவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் பாட்டெடுத்துக் கொடுப்பது அந்தச் சபையின் வழக்கம்.

எப்சிபா பாட்டெடுத்தாள்.

ஷெரினை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் பாடி யாரும் கேட்டதில்லை. சுருதி எங்கோ போயிற்று. சபை ஒரு நொடி திகைத்துவிட்டு, கைதட்டிச் சேர்ந்துகொண்டது. டிரம்ஸும் சேர்ந்துகொண்டது. மைக்கில் ஜெர்வினின் தாய் சொன்ன மீதிப் பாதி யார் காதிலும் விழவில்லை.

எப்சிபா அடுத்த சரணத்துக்குப் போனாள்.