நான்காவது வொர்க்ஷாப்

"மெக்கானிக் எப்ப வருவாரு தங்கச்சி?"

கேட்டவர் டாக்சி ஓட்டும் சுகுமாரன். நவோமியின் கையில் ஸ்பேனர், முகத்தில் கிரீஸ். ஒரு மெக்கானிக் இதற்கு மேல் எப்படித்தான் தெரிய வேண்டுமோ!

"நான்தாண்ணே."

"ஓ..." சுகுமாரன் கார் சாவியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அவசரம் இல்ல லா. பெறகு வர்றேன்."

ஜெலுத்தோங்கில் கடை திறந்த நாலு மாதத்தில் இந்த 'பெறகு'வை நவோமி எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். அப்படிச் சொல்லிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பழைய நீலக் கார் குலுங்கி, இருமி, நின்றது. இறங்கியவர் பெர்னார்ட், அவளுடைய அப்பா.

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் எஞ்சின் பார்த்தவர். பழுது கண்ட இடத்தில் மஞ்சள் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுவது அங்கே அவர் பழக்கம். வேலையை விட்ட பிறகும் கோடு போடுவதை விடவில்லை. வீட்டில் ஒழுகும் பைப்பு, ஆடும் நாற்காலி, எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை.

அவரைப் பார்த்ததும் நவோமிக்கு ஆத்திரம் பொங்கியது. மகள் கடை இருக்க, இந்த மனிதர் காரை ஊரில் உள்ள வொர்க்ஷாப்பிலெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தது சர்ச்சில் எல்லாருக்கும் தெரியும். 'பெத்த அப்பனே நம்பல' என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

பெர்னார்ட் வந்ததும் வராததுமாகக் கத்தினார். சனிக்கிழமை காலை, எதிரே மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு மாசமா படுத்துது இந்தக் காடி! சாம்பல் புதன் அன்னிக்கு சர்ச்சுக்குப் போற வழியில ஆரம்பிச்சது. ஓடறப்ப ஒண்ணும் இல்ல. டிராபிக் லைட்டுல நின்னா திணறுது, சில நேரம் செத்தே போயிருது. பின்னால உள்ளவன் எல்லாம் ஹார்ன் அடிச்சுத் திட்டுறான். ஒரு வாரம் பாத்துட்டு வொர்க்ஷாப் கொண்டு போனேன். ஒண்ணு இல்ல, மூணு வொர்க்ஷாப்! அக்கரையில மாக் மண்டின் வரைக்கும் போய்ட்டேன். கம்ப்யூட்டர் வச்சுப் பாத்தாங்க, பிளக் மாத்துனாங்க. அங்க போனா மட்டும் நல்லா ஓடுது. நீ என்னத்தக் கிழிக்கப் போற?"

கிளம்பப் போன சுகுமாரன் நின்றுவிட்டார். வேடிக்கையை யார் விடுவார்கள்?

நவோமி பல்லைக் கடித்துக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். எஞ்சின் ரொம்ப சமர்த்தாக ஓடியது.

"பாத்தியா? மூணு இடத்துலயும் இப்படித்தான்."

"டிராபிக் லைட்டுல நிக்கிறப்ப கியர் எதுல இருக்கும் டேடி?"

"டி-யிலதான், ஆட்டோ கியராச்சே. பிரேக்க மிதிச்சுக்கிட்டு இருப்பேன்."

"மூணு பேரும் நியூட்ரல்ல வச்சுத்தானே பாத்தாங்க?"

பெர்னார்ட் ஆமாம் என்று தலையாட்டினார்.

நவோமி சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாள். "ஹேண்ட் பிரேக் போட்டுட்டு, பிரேக்க நல்லா மிதிங்க. இப்ப டி போடுங்க. ஏர்கோனும் போடுங்க."

எஞ்சின் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. சத்தம் தடுமாறியது. அவள் பக்கவாட்டில் நின்றபடி, காற்றுக் குழாய் ஒவ்வொன்றின் மேலும் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வந்தாள். ஓரத்துக் குழாயில் தண்ணீர் பட்டதும் எஞ்சின் சட்டென்று சீரானது. கொஞ்ச நேரத்தில் மறுபடி திணறல்.

"குழாய்க்கு அடியில விரிசல் இருக்கு டேடி. சோப்புத் தண்ணி அத அடைச்சதும் சீரா ஓடுச்சு. கியர் போட்டா எஞ்சின் சாயுது, குழாய் இழுபடுது, விரிசல் திறந்துக்குது. காத்து உள்ள போயி எஞ்சின் திணறுது. நியூட்ரல்ல அது மூடிக்கிது. அப்புறம் எப்படிக் கண்ணுல படும்?"

புதுக் குழாய் மாட்டப் பத்து நிமிடம். பெர்னார்ட் சாலை முனையின் டிராபிக் லைட் வரை ஓட்டிப் போனார். சிவப்பில் நின்றார். கார் முனகக்கூட இல்லை.

திரும்பி வந்தவர் கண்ணாடியை இறக்கி, மாமாக் கடைக்கும் கேட்கும்படி சொன்னார்: "மூணு வொர்க்ஷாப்புல முடியாதத எம் பொண்ணு அரை மணி நேரத்துல முடிச்சிட்டா!"

சுகுமாரன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "தங்கச்சி, என் காடியையும் கொஞ்சம் பாரு லா." எதிர்க் கடையிலிருந்து இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

மூன்று பேருக்கு மசியாத கார் தன் கைக்கு மசிந்ததில் நவோமிக்கு அப்படி ஒரு பெருமை. அப்பா மேலிருந்த கோபம்கூடப் பாதி இறங்கிவிட்டது.

பழைய குழாயைக் குப்பையில் போட எடுத்தவள், அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

விரிசலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் கோடு. அதன் அருகில் தேதி. சாம்பல் புதனுக்கு மறுநாள்.

மூன்று வொர்க்ஷாப்புக்கும் முன்னால்.

குழாயோடு காரிடம் ஓடினாள். "டேடி! இது என்ன?"

பெர்னார்ட் குழாயைப் பார்த்தார். கடைக்குள் மகளுக்காகக் காத்து நின்ற மூன்று பேரைப் பார்த்தார்.

"மெதுவாப் பேசும்மா," என்றார் அசட்டுச் சிரிப்போடு. "அழிக்க மறந்துட்டேன்."